பத்தாவது புளியங்கொட்டை

எங்கள் வீட்டுக்கு அந்தக் கிடார் வந்த அன்றைக்குத்தான் மாமாவின் மடி எனக்கு இல்லாமல் போனது. அப்போது எனக்கு ஒன்பது வயது. ஒன்பது வயதுப் பெண் மடியில் உட்காருவதே அதிகம் என்று அம்மா சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் நானாக இறங்கிப் போவது வேறு, இன்னொன்றை உட்கார வைப்பதற்காக என்னை இறக்கி விடுவது வேறு அல்லவா.

மாமா என்றால் அம்மாவுடன் பிறந்த தம்பி. சொந்த ஊரான கொமரலிங்கத்தில் கைத்தறிக் குழிக்குள் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டு பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர். திருப்பூரை ஒட்டிய நல்லூரில் எங்களோடுதான் தங்கியிருந்தார். எங்கள் வீட்டை ஒட்டினாற்போல் ஒரு ஷெட். அதற்குள் நான்கு வட்ட மிஷின்கள் பகலும் இரவும் துணி பின்னிக்கொண்டிருக்கும். அதில் ஒரு மிஷின் மாமாவுடையது. கம்பெனிக்காரருடையது என்று சொல்ல வேண்டும், ஆனால் நான் மாமாவுடையது என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தேன்.

எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. வெளியாட்களோடு பேச வராது. பகலெல்லாம் வாயைத் திறக்காமல் இருந்து, பேச வேண்டியதை எல்லாம் மாமாவுக்காகச் சேர்த்து வைத்திருப்பேன். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கம்பெனிச் சங்கு ஊதும். மாமா வந்து கையில் இருக்கும் மிஷின் எண்ணெயைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லின் மேல் உட்காருவார். நான் பல்லாங்குழியையும் புளியங்கொட்டைகளையும் எடுத்துக்கொண்டு ஓடுவேன். விளக்கு வைக்கும் வரைக்கும் ஆட்டம். தினமும் நான்தான் ஜெயிப்பேன். என்னைப் போலக் கெட்டிக்காரி நல்லூரிலேயே கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில் மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் ஏறிப் போத்தனூர் போய் வந்துகொண்டிருந்தார். அங்கே ரயில்வே காலனியில் இருந்த ஒரு சட்டைக்காரரிடம், அதாவது ஆங்கிலோ இந்தியரிடம், கிடார் பழகுகிறார் என்பது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அந்த மனிதருக்கு வேறு ஊருக்கு மாற்றலானது. போகும்போது தன் பழைய கிடாரை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு ஞாயிறு சாயங்காலம் மாமா அதை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வாசலில் வந்து நின்றார். மாரியம்மன் நோன்புக்குச் சொந்த ஊர் போய் வரும்போதுகூட அவர் அப்படி எதையும் ஏந்தி வந்ததில்லை.

அப்பாவின் அக்கா எங்களோடு இருந்தாள். அத்தைக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏங் கண்ணு, உனக்குத் தங்கச்சி வந்திருக்கறா பாரு. இடுப்பப் பாத்தியா, என்ன ஒய்யாரம்."

"சும்மா இருங்க நங்கையா. அவ மூஞ்சியே சரியில்ல" என்றாள் அம்மா. நாத்தனாரை அம்மா நங்கையா என்றுதான் கூப்பிடுவாள்.

மாமா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டார். ஒரு கை கழுத்தில், ஒரு கை இடுப்பில். நான் பல்லாங்குழியோடு நின்றேன். "நாளைக்கு ஆடலாம் கண்ணு, இப்ப அக்கட்டால போய் நில்லு, கம்பி மூஞ்சில பட்டறப் போவுது" என்றார். அந்த நாளை என்பது வரவே இல்லை.

மறுநாளே கம்பெனியிலிருந்து ஒரு துண்டுத் துணி கொண்டு வந்தார். வட்ட மிஷினில் துணி குழாய் மாதிரிதானே இறங்கும். அந்தக் குழாயின் ஒரு பக்கத்தை முடிந்து, கிடாரை அதற்குள் நுழைத்து வைத்தார். கிடாருக்குப் பனியன். அதற்கு முன்பெல்லாம் கழிவுத் துணி வந்தால் அது என் மரப்பாச்சிக்குத்தான் வரும்.

"தங்கச்சிக்குச் சட்டை தச்சாச்சு. உனக்கென்ன தச்சுருக்குது?" என்று அத்தை என்னைக் கேட்டாள். அன்று நான் சோறு தின்னவில்லை. வயிற்று வலி என்று சொன்னேன். அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தாள். மாமா வந்து பார்ப்பார் என்று படுத்துக் கிடந்தேன். பின்பக்கம் கம்பிச் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

மாமா வாசித்ததைப் பாட்டு என்று சொல்வதற்கில்லை. அப்போது எல்லார் வாயிலும் இருந்த ஒரு சினிமாப் பாட்டைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் முழுப் பாட்டை யாரும் கேட்டதில்லை. பாட்டின் நடுவில் ஒரு திருப்பம். அங்கே சுண்டுவிரல் எட்டி ஒரு கம்பியை அழுத்த வேண்டும். எட்டாது. எட்டாமல் போனால் தகரத்தில் கல் விழுந்த மாதிரி ஒரு செத்த சத்தம் வரும். மாமா அந்த ஒரு இடத்தையே பிடித்துக்கொண்டு கிடந்தார். அதுவும் மெதுவாக, ஒவ்வொரு விரலையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைக்கிற மாதிரி.

சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் எட்டிப் பார்த்தார். "ஏனுங் தம்பி, மீதிப் பாட்ட எப்பங்க வாசிப்பீங்க?"

"இந்த ஊசிய மாத்தீட்டு வாசிக்கறனுங்க" என்றார் மாமா.

அவருக்குப் புரிந்தது. நல்லூரில் யாருக்கும் புரியும். மிஷினில் நூற்றுக்கணக்கான ஊசிகள் வட்டமாக நிற்கும். ஒரே ஒரு ஊசியின் கொக்கி உடைந்தாலும் துணி நெடுகிலும் கோடு விழுந்துகொண்டே போகும். மேலும் மேலும் ஓட்டினால் கோடும் மேலும் மேலும் நீளும், அவ்வளவுதான். நிறுத்தி, அந்த ஊசி எது என்று பார்த்து, அதை மட்டும் மாற்ற வேண்டும். பாட்டை முதலிலிருந்து நூறு முறை வாசித்தால் கோடு நூறு முறை விழும் என்பது மாமாவின் கணக்கு. அதனால் வராத இடத்துக்கு முன்னால் இரண்டு தட்டு, பின்னால் இரண்டு தட்டு, அவ்வளவு மட்டும் எடுத்துக்கொள்வார். முதலில் வாயால் பாடிப் பார்ப்பார். அப்புறம் வலது கையைச் சும்மா வைத்துக்கொண்டு இடது கை விரல்களை மட்டும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார். சத்தமே இருக்காது. அதற்கும் பிறகுதான் கம்பியைத் தட்டுவார்.

தாளத்துக்குப் பக்கத்து ஷெட் மிஷின் இருந்தது. அதன் கடகடப்புக்கு ஒரு தட்டு என்று வைத்துப் பழகினார். வாரச் சம்பளம் போட்டு மிஷின் நிற்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்தால் அவர் கை அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டியாக ஓடும். அப்புறம் அந்த நாட்களில் வேண்டுமென்றே இன்னும் மெதுவாக, காலால் தரையைத் தட்டிக்கொண்டு வாசிப்பார்.

கடைக்குப் போகும்போது என்னைக் கூட்டிப் போவார். அது ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. வழியில் என் முன்னங்கையைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் நான்கு விரல்களை வைத்து அழுத்துவார், மாற்றுவார், மறுபடி அழுத்துவார். விரல் நுனிகள் கம்பி பட்டுப் பட்டுக் காய்த்துப் போய்ப் புளியங்கொட்டை மாதிரி இருக்கும். எனக்குக் குறுகுறுக்கும். கையை உதறினால், "இர்றா கண்ணு, மூணு தடவ" என்பார். அப்போதும் அந்தச் சனியனைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு ஆத்திரமாக வரும். பாதி நேரம் நானேதான் கிடார் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

ஒரு நாள் சாயங்காலம், "கண்ணு, அந்தக் கொட்டையில பத்து எடுத்துட்டு வா" என்றார்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "பல்லாங்குழியுங்களா மாமா?"

"கொட்டை மட்டும் போதும்."

பத்துக் கொட்டைகளையும் கல்லின் மேல் இடது பக்கம் வரிசையாக வைக்கச் சொன்னார். "நான் அந்த எடத்த வாசிப்பேன். சரியா வந்தா ஒண்ணு இந்தப் பக்கம் தள்ளு. தப்பு வந்தா தள்ளுனதெல்லாம் மறுக்கா அங்கியே வெச்சுறோணும். பத்தும் இங்க வந்தாத்தான் எந்திரிப்பேன்."

"ஒம்பது வந்து தப்பாயிட்டா?"

"ஒம்பதும் போச்சு."

"அது அநியாயமுங்க மாமா."

"அநியாயந்தான். கை அதுக்குத்தான் கேக்குது" என்றார்.

எங்கள் ஆட்டத்தின் கொட்டைகளை எடுத்தே அவளுக்கு ஊழியம் செய்யச் சொல்கிறார். சீக்கிரம் முடித்துவிட்டால் ஆட வருவார் என்று எனக்குத் தோன்றியது. அவர் குனிந்து விரலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒன்றுக்கு இரண்டாகத் தள்ளினேன். செத்த சத்தம் வந்தபோதும் காது கேட்காதவள் மாதிரி இருந்தேன். மிஷின் சத்தத்தில் அவருக்கும் கேட்டிருக்காது என்று நினைத்தேன். பத்தும் வந்துவிட்டது. மாமா கொட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கிடாருக்குப் பனியனை மாட்டினார். நான் உள்ளே ஓடிப் பல்லாங்குழியைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்து டீக்கடைக்குப் போய்விட்டார். அங்கேதான் அவருடைய சேக்காளிகள் எல்லாரும் இருப்பார்கள்.

வெறும் கல்லில் உட்கார்ந்து யோசித்தேன். அன்று ஒன்று தெரிந்துகொண்டேன். கொட்டை தள்ளி முடியும் வரைக்கும்தான் அவர் இங்கே இருப்பார்.

மறுநாள் ஏழு கொட்டை வந்தது. எட்டாவதும் சுத்தமாகத்தான் வந்தது.

"தப்புங்க மாமா" என்றேன்.

"தப்பா?"

"ஆமாங்க."

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். நான் கொட்டைகளைப் பார்த்தேன். "செரி, எடுத்து வெய்யி" என்று ஒன்றிலிருந்து தொடங்கினார்.

அதன் பிறகு எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. ஐந்தில் தப்பு. ஒன்பதில் தப்பு. சில நாள் இரண்டிலேயே தப்பு. நடுவில் மாமா கையை உதறி ஊதிக்கொள்வார். அப்போது நான் சேர்த்து வைத்திருந்த பேச்சை எல்லாம் பேசுவேன். பள்ளிக்கூடத்தில் யார் யாரைக் கிள்ளியது, எங்கள் வாத்தியார் நாற்காலியில் எப்படித் தூங்கினார், எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே என் கையில் விரல் வைத்து மாற்றிப் பார்ப்பார். "செரி, தள்ளு" என்று மறுபடி தொடங்குவார். உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுப்பாள். "வெளக்கு வெச்சாச்சு. இன்னும் அங்க என்ன பண்றீங்க ரண்டு பேரும்?" ரண்டு பேரும் என்று அம்மா சொன்னதை நான் படுக்கும் வரைக்கும் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். கிடாரை அம்மா கணக்கில் சேர்க்கவில்லை.

இப்படி இரண்டு மாதம் போனது. டீக்கடையை மாமா மறந்தே போனார்.

அப்போதுதான் அந்தச் சேதி வந்தது. கோயம்புத்தூரில் கல்யாணத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும் பாடுகிற ஒரு மெல்லிசைக் குழுவில் கிடாருக்கு ஆள் வேண்டுமாம். வருகிற ஞாயிறு குழுவின் ஆர்மோனியக்காரர் திருப்பூர் வருகிறார், அப்படியே நம் வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டுப் போவார் என்று மாமா அப்பாவிடம் சொன்னார்.

"புடிச்சுப்போச்சுன்னா?" என்றார் அப்பா.

"அங்கியே தங்கிக்கச் சொல்லுவாங்க."

"மிஷின் வேல?"

"உட்டுருவேனுங்க."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அத்தைதான் என் பக்கம் திரும்பினாள். "பாத்துக்க. தங்கச்சி உன்ற மாமனைக் கையப் புடிச்சுக் கூட்டிட்டே போறா."

அந்த வாரம் முழுக்க நான் கொட்டைகளை நகர விடவில்லை. என் எண்ணம் இதுதான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என் சிலேட்டைப் பார்த்துத் தப்பு என்று சொன்னால் எனக்குத் தெரிந்த கணக்கும் மறந்து போகும். அடுத்த கணக்கும் தப்பாகும். இன்னும் இரண்டு தப்பு சொன்னால் சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுவேன். அதே மருந்தை மாமாவுக்குக் கொடுத்தால் அவரும் கிடாரைக் கவிழ்த்து வைத்துவிடுவார் என்று நம்பினேன். தப்புங்க மாமா. தப்புங்க மாமா. மாமா கவிழ்த்து வைக்கவில்லை. எடுத்து வெய்யி என்றார்.

சனிக்கிழமை மாமா கம்பெனிக்குப் போயிருந்தபோது கடைசியாக ஒன்று செய்தேன். மாமாவுக்குச் சோறு கொண்டு போகும்போதெல்லாம் மிஷினில் இருந்த ஒரு திருகாணியைக் காட்டி என்னை எச்சரித்திருக்கிறார்கள். மிஷின் பழுது பார்க்கிற பிட்டர் வந்து ஒரு தரம் வைத்துவிட்டுப் போனால் அதை யாரும் தொடக் கூடாது, தொட்டால் இழுப்பு மாறி மொத்தத் துணியும் வீண் என்று. கிடாரின் தலையில் ஆறு திருகாணிகள் இருந்தன. பனியனை இறக்கினேன். ஆறையும் கை வலிக்கத் திருகினேன். கம்பிகள் கொடித் துணி மாதிரித் தொங்கின. மறுபடி பனியனை மாட்டி, இருந்த இடத்திலேயே சாத்தி வைத்தேன். அன்று நிம்மதியாகச் சோறு தின்றேன். இனிமேல் போத்தனூர்க்காரரே திரும்பி வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஞாயிறு காலை ஆர்மோனியக்காரர் வந்தார். மூக்குக் கண்ணாடி, வெள்ளை முழுக்கைச் சட்டை. அம்மா காப்பி கொடுத்தாள். பக்கத்து ஷெட்டில் மிஷின் நின்றிருந்தது. வீட்டில் எறும்பு நகர்ந்தால் கேட்கும். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். மாமா பனியனை இறக்கினார். தொங்குகிற கம்பிகளைப் பார்த்தார். நிமிர்ந்து கதவுப் பக்கம் ஒரு பார்வை. அவ்வளவுதான்.

"ஏனுங் தம்பி, என்னாச்சுங்க?" என்றார் வந்தவர்.

"எறங்கீருச்சுங்க. இந்தப் பனிக்கு அப்படித்தான் எறங்கும்" என்றார் மாமா.

அப்புறம் வாயால் லேசாக முனகிக்கொண்டே ஒவ்வொரு திருகாணியாகத் திருகினார். ஒரு டம்ளர் காப்பி குடிக்கிற நேரம். ஆறும் பழையபடி நின்றன. தினமும் நான் வந்து உட்காருவதற்கு முன்னால் அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. பொறாமைக் கண்ணுக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது.

முழுப் பாட்டையும் நாங்கள் கேட்டது அன்றுதான். அந்தத் திருப்பம் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சுண்டுவிரல் போய் உட்கார்ந்தது. தண்ணீர் வாய்க்காலில் திரும்புகிற மாதிரிப் பாட்டு திரும்பிப் போனது. பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றார்.

ஆர்மோனியக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த எடத்துல முக்காவாசிப் பேரு இடறிப் போவாங்க. உங்களுக்கு எப்படிங்க இத்தன சுத்தமா வருது?"

"என்ற அக்கா புள்ள உடலீங்க" என்றார் மாமா. "ஒம்பது தடவ சரியா வந்தாலும் பத்தாவது தப்புன்னு சொல்லி மறுக்கா ஒண்ணுல இருந்து வாசிக்க வெச்சுருவா."

"அப்ப உங்க வாத்தியாரம்மாவையும் கையோட கூட்டிட்டு வாங்க" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். அத்தை கதவை இழுத்து என்னைக் காட்டினாள். நான் பின்பக்கம் ஓடிவிட்டேன். என் கையாலேயே அவரை வண்டி ஏற்றி விட்டிருக்கிறேன் என்று துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை புறப்பாடு. வியாழக்கிழமை சாயங்காலம் மாமா டிரங்குப் பெட்டியை அடுக்கி முடித்துவிட்டு, சங்கு ஊதியதும் வழக்கம்போலக் கல்லில் வந்து உட்கார்ந்தார்.

"கண்ணு, கொட்டை எடுத்துட்டு வா."

நான் போகவில்லை. அம்மாதான் பத்துக் கொட்டைகளை என் கையில் திணித்துத் தள்ளி விட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். மாமா அதே இடத்தை வாசித்தார். நான் ஒன்றைத் தள்ளினேன். பள்ளிக்கூடத்தில் இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொன்றும் மணி மணியாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் பிறகு அவர் என்னைப் பார்த்தார். நான் பேசாமல் தள்ளிக்கொண்டே போனேன். ஒன்பது ஆகிவிட்டது.

பத்தாவது முறை அந்தத் திருப்பம் வந்தபோது சுண்டுவிரல் கிளம்பவே இல்லை. எத்தனையோ வாரமாக ஒரு நாளும் தப்பாத விரல். தகரத்தில் கல் விழுந்த மாதிரி அந்தச் செத்த சத்தம். பக்கத்து ஷெட் மிஷினுக்கு மேலே தெளிவாகக் கேட்டது. மாமா கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

கல்லின் மேல் வலது பக்கம் ஒன்பது கொட்டைகள், இடது பக்கம் ஒன்று. எனக்கு அவர் மேல் அவ்வளவு கோபம். போகிறவர் போகட்டும், சீக்கிரமாகவே போகட்டும் என்றிருந்தது.

"சரிங்க மாமா" என்று சொல்லிப் பத்தாவதையும் தள்ளி விட்டேன்.

"சரியா?"

"ஆமாங்க."

அவர் பத்துக் கொட்டைகளையும் ஒரு தடவை பார்த்தார். "செரி கண்ணு" என்று சொல்லிவிட்டுக் கிடாருக்குப் பனியனை மாட்டினார். வெளிச்சம் இன்னும் நன்றாகவே இருந்தது. விளக்கு வைக்க வெகு நேரம் கிடந்தது. தப்பு என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். அவர் ஒன்றிலிருந்து தொடங்கியிருப்பார். எனக்கு அது அன்று தெரியவில்லை. பத்துக் கொட்டைகளையும் பாவாடையில் அள்ளிக்கொண்டு, வழக்கம்போல நான்தான் ஜெயித்தேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன்.